முதலில் ஊகம், பிறகு திரை

பத்தாம் வகுப்புக்கு அறிவியலும் கணக்கும் எடுப்பவர்களிடம் “ஆன்லைனில் என்னதான் இருக்கிறது?” என்று கேட்டால் பட்டியல் நீளும். 2017-ல் வந்த தீக்ஷா, பாடநூலிலேயே அச்சாகியிருக்கும் கியூஆர் கோடு, கல்வித் தொலைக்காட்சிப் பாடங்கள், கான் அகாடமி, ஜியோஜீப்ரா, ஃபெட். பாடங்களுக்குப் பஞ்சமே இல்லை. எந்தப் பிள்ளை எங்கே தடுக்கி நிற்கிறது என்று பார்க்காமல் வாட்ஸ்அப் குரூப்பில் லிங்கைத் தட்டிவிடுவதில்தான் கோளாறு. அதனால் வீடியோ தேடும் வேலையை நான் இரண்டாவதாகத்தான் வைத்திருக்கிறேன்.

மின்னோட்டவியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஓம் விதியைக் கேட்டால் வகுப்பே கோரஸாக ஒப்பிக்கும். “பல்பைத் தாண்டிய பிறகு மின்னோட்டம் குறையுமா, அதேதானா?” என்று கேட்டால் கோரஸ் உடைந்துவிடும். “குறையும் டீச்சர், பல்பு கொஞ்சம் சாப்பிட்டுடும்ல?” என்பார்கள். இந்தச் சந்தேகத்துக்கு அரைமணி நேர வீடியோ உதவாது. ஃபெட் தளத்தில் இருக்கும் மின்சுற்றுப் பெட்டி போதும். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் இது. இலவசம், தமிழிலும் நிறைய கிடைக்கிறது. ஒருமுறை இறக்கிவைத்துவிட்டால் ஹைடெக் லேபில் நெட் போன நாளிலும் ஓடும்.

திரையைப் போடுவதற்கு முன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஊகத்தை எழுதச் சொல்வேன்: பல்புக்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு? பேனாவால்தான் எழுத வேண்டும். இதைத் தவிர்த்தால் விடை தெரிந்த மறுநொடியே “நானும் அதைத்தான் டீச்சர் நினைச்சேன்” என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். பிறகு 9 வோல்ட் பேட்டரி, 10 ஓம் பல்பு, அதன் இருபுறமும் ஒவ்வொரு அம்மீட்டர். இரண்டிலும் 0.90 ஆம்பியர். உடனே யாராவது “ரெண்டாவது மீட்டர் ரிப்பேர்” என்பார்கள். சரி, இடம் மாற்றி வையுங்கள் என்பேன். மாற்றினாலும் 0.90-தான். தொடரிணைப்பில் அதே மாதிரி இன்னொரு பல்பைச் சேர்க்கும் முன் மறுபடி ஊகம், மறுபடி பேனா. இப்போது சுற்று முழுவதும் 0.45. “அப்போ பல்பு எதைத்தான் சாப்பிடுது?” என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும். வோல்ட்மீட்டரை வைத்தால் ஒவ்வொரு பல்பின் இருமுனைகளுக்கும் இடையில் 4.5 வோல்ட். ஆற்றல் பற்றிய பேச்சை அங்கிருந்து தொடங்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் ஒயரால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். பையன்கள் எப்படியும் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆரம்பத்திலேயே ஐந்து நிமிடம் தீ வைக்க விட்டுவிடுவது நல்லது. ஷார்ட் சர்க்யூட் பாடமும் அதிலேயே முடிந்துவிடும். அடுத்தது, ஒயருக்குள் ஓடும் நீலப் புள்ளிகள் எலக்ட்ரான்கள். அவை பேட்டரியின் எதிர்முனையிலிருந்து நேர்முனைக்குப் போகும். புத்தகத்தில் அம்புக்குறி நேர் எதிர்த் திசையில் இருக்கும். மரபு மின்னோட்டத்தைக் காட்டும்படி மாற்றிக்கொள்ள வசதி உண்டு. நான் மாற்றுவதில்லை. யார் கேட்கிறார்கள் என்று பார்ப்பேன்.

என்ன இருந்தாலும் திரையில் லூஸ் கனெக்‌ஷன் வராது. அதனால் மறுநாள் டார்ச் செல், பல்பு, ஒயர் எல்லாம் மேசைக்கு வந்தாக வேண்டும்.

வீட்டுப்பாடமாகக் கொடுப்பது வேறு கதை. பல வீடுகளில் ஒரே போன். அப்பாவோடு வேலைக்குப் போய் ராத்திரிதான் திரும்பும். அம்மாவின் சீரியல், தம்பியின் கேம் எல்லாம் போக மிச்சமிருப்பதுதான் அக்காவுக்கு. மாலை ஆறு மணிக்கு நேரலை வகுப்பு வைத்தால் யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று முன்பே சொல்லிவிடலாம். அதனால் நேரலை கிடையாது, கெடு மறுநாள் காலை வரை. வீடியோ ஆறேழு நிமிடத்துக்கு மேல் போகாது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்தே அனுப்புவேன்: “இந்தச் சமன்பாடு வந்ததும் நிறுத்து. அடுத்த வரியை நீயே போட்டுவிட்டு மேலே பார்.” நோட்டில் அந்த வரி இருக்கிறதா என்பதைத்தான் காலையில் பார்ப்பேன்.

கான் அகாடமி பயிற்சிகளில் ஒரு நுணுக்கம். மாட்டிக்கொண்டால் படிப்படியாகக் குறிப்பு கிடைக்கும். விடாமல் தட்டினால் கடைசியில் விடையே வந்துவிடும், ஆனால் அந்தக் கணக்குத் தவறாகவே பதிவாகும். சில பிள்ளைகள் தட்டித் தட்டியே பத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். முதல் குறிப்பைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைக்கப் பழக்குங்கள்.

தேர்வுக்கு கூகுள் ஃபார்ம் போதும், டேட்டாவும் அதிகம் தின்னாது. தவறான விடைகளைக் கற்பனையில் தேடாமல் திருத்திய விடைத்தாள்களிலிருந்தே எடுக்கிறேன். சைன் 30°-யையும் சைன் 60°-யையும் கூட்டினால் எவ்வளவு என்ற கேள்வியில் 1 என்பதும் ஒரு தெரிவாக இருக்கும். அதைத் தொட்டவர்கள் கோணங்களைக் கூட்டி சைன் 90° ஆக்கியிருக்கிறார்கள் என்று வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும். மறுநாள் முதல் பத்து நிமிடம் அவர்களுக்கு. மதிப்பெண்ணை மட்டும் ஆசிரியர் பார்த்த பிறகு வெளியிடும்படி அமைத்துவிடுங்கள். உடனே காட்டினால், முதலில் முடித்தவனின் ஸ்கிரீன்ஷாட் அடுத்த நிமிடமே குரூப் முழுக்கச் சுற்ற ஆரம்பித்துவிடும்.