பாதுகாப்பற்ற வாகன நிறுத்தகம்: இடிப்பும் கடைக்காரர் உரிமையும்

கேள்வி: நகரின் மையக் கடைவீதியில் மாநகராட்சிக்குச் சொந்தமான பல அடுக்கு வாகன நிறுத்தகம் ஒன்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கி வருகிறது. அதன் தரைத்தளத்தில் மாநகராட்சியிடம் ஏலத்தில் எடுத்த கடைகள் உள்ளன. மேல்தளத்திலிருந்து காரை பெயர்ந்து விழுந்ததை அடுத்து நடத்தப்பட்ட ஆய்வில், கட்டடம் பயன்பாட்டுக்கு உகந்ததல்ல என்று அறிக்கை வந்துள்ளது. 15 நாள்களுக்குள் கடைகளைக் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டப்பட்டுள்ளது. வைப்புத்தொகை பற்றியோ, புதிய கட்டடத்தில் இடம் தருவது பற்றியோ அதில் ஒரு சொல்கூட இல்லை. இடிப்புக்குத் தடை உத்தரவு பெற முடியுமா? கடைக்காரர்களுக்கு வேறு என்ன வழி இருக்கிறது?
— கடைக்காரர்கள் சார்பில் ஒரு வாசகர்

பதில்: இந்தக் கேள்வியில் இரண்டு வழக்குகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. கட்டடம் நிற்கலாமா கூடாதா என்பது ஒன்று. அதற்குள் பிழைப்பு நடத்தியவர்களுக்கு என்ன சேர வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவதில் வெல்வதற்காக முதலாவதில் மல்லுக்கு நிற்பதுதான் இத்தகைய வழக்குகளில் கடைக்காரர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. அப்பிழை வழக்கையும் கெடுக்கும், உயிருக்கும் ஊறு செய்யும்.

வாகன நிறுத்தகம் மற்ற கட்டடங்களைப் போல மூப்படைவதில்லை. கான்கிரீட்டின் காரத்தன்மை அதற்குள் இருக்கும் இரும்புக் கம்பிக்குக் கவசமாக இருக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு பல ஆண்டுகளாக மெல்ல உட்புகுந்து அந்தக் காரத்தன்மையைக் குறைத்துவிடுவதைப் பொறியாளர்கள் கார்பனேற்றம் என்று அழைக்கின்றனர். நான்கு புறமும் திறந்து கிடக்கும் நிறுத்தகத்தில் சாரலும், நனைந்த வண்டிகளிலிருந்து சொட்டும் நீரும் தளத்தில் தேங்கிக் கசியும்போது, கவசம் இழந்த கம்பி துருப்பிடிக்கிறது. துருவுக்குக் கம்பியைவிட அதிக இடம் வேண்டும் என்பதால் அது கான்கிரீட்டை உள்ளிருந்து பிளந்து தள்ளுகிறது. வாசகர் குறிப்பிடும் பெயர்ந்து விழுந்த காரை, பெரும்பாலும் இந்த நீண்ட நோயின் கடைசி அறிகுறியே தவிர, பூச்சுவேலையால் சரிசெய்துவிடக்கூடிய குறை அல்ல. கார்கள் நிற்கும் தளத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875 குறிப்பிடும் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 250 கிலோ மட்டுமே. அதே தளத்தில் சரக்கு மூட்டைகளை அடுக்கினாலோ, பார வண்டிகளை ஏற்றினாலோ அந்தக் கணக்கு எளிதில் மீறப்படும்.

இங்கிலாந்தின் உல்வர்ஹாம்ப்டன் நகரில் 1965இல் கட்டப்பட்ட பைப்பர்ஸ் ரோ நிறுத்தகத்தின் மேல்தளத்தில் 120 டன் எடையுள்ள பகுதி 1997 மார்ச் 20 அன்று பின்னிரவில் இடிந்து விழுந்தது. அந்த வேளையில் அங்கு யாரும் இல்லாததால் மட்டுமே உயிர்கள் தப்பின. கனடாவின் எலியட் லேக் ஊரில் ஒரு வணிக வளாகத்தின் கூரையே வாகன நிறுத்துமிடமாக இருந்தது. திறக்கப்பட்ட காலத்திலிருந்தே அது ஒழுகியது. 2012 ஜூன் 23 அன்று அது சரிந்ததில் இரண்டு பெண்கள் இறந்தனர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் ஒரு பொறியாளர் பார்வையிட்டுக் கட்டமைப்பு உறுதியாக உள்ளது என்று எழுதிக் கொடுத்திருந்தார். கண்ணால் மட்டும் பார்த்துத் தரப்படும் சான்றிதழின் மதிப்பு என்ன என்பதற்கு இதைவிடக் கசப்பான பாடம் வேண்டியதில்லை. நியூயார்க் மாநகரம் நிறுத்தகங்களுக்குக் குறித்த காலந்தோறும் ஆய்வைக் கட்டாயமாக்கி 2021இல் சட்டம் இயற்றிய பிறகும், முதல் சுற்று அறிக்கைக்கான கெடு முடிவதற்கு முன்பே, மன்ஹாட்டனின் ஆன் தெருவில் இருந்த நிறுத்தகம் 2023 ஏப்ரல் 18 அன்று இடிந்து ஓர் உயிரைக் கொண்டுபோனது. சட்டம் விதித்த கெடு வரும்வரை கட்டடம் காத்திருக்கவில்லை.

இந்தியச் சட்டத்தில் உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு 1966இலேயே உறுதியாகிவிட்டது. டெல்லி சாந்தினி சவுக்கில் இருந்த மணிக்கூண்டு இடிந்து மூவர் இறந்த வழக்கில், டெல்லி மாநகராட்சி எதிர் சுபாக்வந்தி என்ற தீர்ப்பில், உச்ச நீதிமன்றம் மாநகராட்சியே இழப்பீடு தர வேண்டும் என்று கூறியது. அந்தக் கட்டடத்துக்கு வயது 80. அதில் பயன்படுத்திய சாந்துக்கு இயல்பான ஆயுளோ 40 முதல் 45 ஆண்டுகள். நிகழ்வே தன்னைப் பற்றிப் பேசும் என்னும் கோட்பாட்டை நீதிமன்றம் அங்கே கைக்கொண்டது. ஒழுங்காகப் பராமரித்த கட்டடம் தானாக விழுவதில்லை, ஆகையால் விழுந்ததே கவனக்குறைவுக்குச் சான்று, கவனக்குறைவு இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமை உரிமையாளர்மீதே விழும் என்பது அதன் பொருள். பொதுவழியை ஒட்டிய கட்டடத்தில் குறை வெளிப்படையாகத் தெரிந்ததா மறைந்திருந்ததா என்பதுகூட உரிமையாளரைக் காப்பாற்றாது என்றும் நீதிமன்றம் சொன்னது. தன் கட்டடம் பாதுகாப்பற்றது என்று எழுத்தில் அறிக்கை பெற்றுவிட்ட ஒரு மாநகராட்சியின் நிலை, ஒன்றும் அறியாதிருந்த அன்றைய மாநகராட்சியின் நிலையைவிடப் பன்மடங்கு கடினமானது. இன்று ஓர் உயிர் போனால், கவனக்குறைவால் மரணம் விளைவித்தலைத் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு அலுவலர்களையும் தனிப்பட்ட முறையில் தேடி வரலாம்.

ஆகவே, தடை உத்தரவு கிடைக்குமா என்ற கேள்விக்கு விடை ஏறத்தாழ இல்லை என்பதே. உயிர் ஆபத்து பற்றிய வல்லுநர் அறிக்கை கையில் இருக்கும்போது, அதை ஒதுக்கிவிட்டுக் கட்டடத்தைத் திறந்து வைக்கும்படி எந்த நீதிமன்றமும் எளிதில் ஆணையிடாது. அவ்வாறு ஆணையிட வேண்டும் என்று கேட்பதும் நியாயமல்ல. அறிக்கையின் மீது மெய்யான ஐயம் இருந்தால் கேட்கக்கூடியது வேறு. அந்த முடிவு வெறும் பார்வையால் எழுதப்பட்டதா, அல்லது கான்கிரீட் துண்டுகளை வெட்டி எடுத்து அழுத்தச் சோதனை செய்து, ஒலி அலையைச் செலுத்தி உள்விரிசலை அளந்து, கம்பியின் துருநிலையைச் சோதித்து எட்டப்பட்டதா என்று கேட்கலாம். பின்னது நடக்கவில்லை என்றால், கடைகளை மூடிவைத்தபடியே, ஐ.ஐ.டி. போன்ற ஒரு நிறுவனத்தின் இரண்டாம் ஆய்வைக் கோரி உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226ஆம் உறுப்பின்கீழ் நீதிப்பேராணை மனு தாக்கல் செய்யலாம். நீதிப்பேராணை என்பது அரசு அமைப்பு தன் சட்டக் கடமையைச் செய்யவோ, சட்டமீறலை நிறுத்தவோ உயர் நீதிமன்றம் இடும் கட்டளை.

இதன் மறுபக்கமும் உண்டு. அறிக்கை வந்த பிறகும் மாநகராட்சி நிதி இல்லை என்று சொல்லி மேல்தளங்களில் வண்டிகளை அனுமதித்துக்கொண்டே இருந்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு பயன்படும். விழும் நிலையில் இருந்து வழிப்போக்கர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் ஆபத்து விளைவிக்கும் கட்டடத்தை அகற்றவோ, பழுதுபார்க்கவோ, முட்டுக்கொடுக்கவோ நிபந்தனை ஆணை பிறப்பிக்க, கோட்ட அளவிலான நிர்வாக நடுவருக்கு அது அதிகாரம் தருகிறது. இதன் பழைய வடிவமான குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவின்கீழ் வந்த ரத்லாம் நகராட்சி வழக்கில், பணம் இல்லை என்பது அடிப்படைக் கடமையைத் தட்டிக்கழிக்கும் காரணமாகாது என்று நீதியரசர் கிருஷ்ணய்யர் 1980இல் எழுதினார். அந்த ஆணை ஒரு நகராட்சிக்கு எதிராகவே பிறப்பிக்கப்பட்டது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

இனிக் கடைக்காரர்களின் உரிமை. இங்கே எல்லாமும் ஒரே ஒரு தாளில் அடங்கியிருக்கிறது: ஏலம் முடிந்தபின் மாநகராட்சியுடன் கையெழுத்தான ஒப்பந்தம். அது குத்தகையா, உரிமமா என்பதே முதலில் தீர்க்க வேண்டியது. குத்தகை என்பது சொத்தை அனுபவிக்கும் உரிமையையே ஒரு காலத்துக்கு மாற்றிக் கொடுப்பது. உரிமம் என்பது பிறர் சொத்தில் ஒன்றைச் செய்துகொள்ள அனுமதி மட்டும். தாளின் தலைப்பில் எந்தச் சொல் இருக்கிறது என்பதைவிட, கடையின் முழுக் கைவசமும் யாரிடம் இருந்தது என்பதும் ஒப்பந்தத்தின் உட்பொருளுமே முக்கியம் என்று அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் எதிர் ஆர்.என். கபூர் வழக்கில் 1959இல் உச்ச நீதிமன்றம் கூறியது. எனினும் உள்ளாட்சிகளின் ஒப்பந்தங்கள் உரிமம் என்ற வடிவில் விழிப்புடன் எழுதப்படுவதால், இந்த வாதத்தில் மட்டும் நம்பிக்கை வைக்கலாகாது.

குத்தகை என்று நிலைநாட்ட முடிந்தால், 2014இல் ஷாஹா ரத்தன்சி கிம்ஜி வழக்கில் வந்த தீர்ப்பு பெருந்துணை. அங்கே பழைய கட்டடத்தை மாநகராட்சி இடித்துவிட்டது. கட்டடம் போனதோடு வாடகைதாரரின் உரிமையும் போயிற்று என்று நில உரிமையாளர் வாதிட்டார். கட்டடத்தோடு குத்தகைக்கு விடப்பட்டது நிலமும்தான், ஆகையால் கட்டடம் இடிந்ததால் மட்டும் குத்தகை அற்றுப்போகாது என்று மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவிலும், தீ, வெள்ளம் போன்ற தடுக்க முடியாத ஆற்றலால் சொத்து பயனற்றுப்போனால் குத்தகையை முறித்துக்கொள்ளும் விருப்பம் வாடகைதாரருக்கே தரப்பட்டிருக்கிறது, உரிமையாளருக்கு அல்ல. ஆயினும் ஓர் உண்மையைச் சொல்லாமல் விடுவது கடைக்காரர்களுக்குச் செய்யும் தீங்காகும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்படாமல் இருந்தாலோ, காலம் முடிந்தபின் மாத வாடகை மட்டும் வாங்கப்பட்டு வந்தாலோ, அது மாதக் குத்தகையாகவே கருதப்படும். அதை அதே சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி 15 நாள் நோட்டீஸில் முடித்துவிடலாம். வாசகருக்கு வந்த நோட்டீஸிலும் அதே 15 நாள்தான் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டமும் உள்ளாட்சிக்குச் சொந்தமான கட்டடங்களுக்குப் பொருந்தாது.

உரிமம் என்றே முடிந்தாலும் கை வெறுமையாக இராது. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு, பணம் பெற்றுக்கொண்டு வழங்கிய உரிமத்தை உரிமதாரர் தம் பிழை ஏதுமின்றி முழுமையாக அனுபவிப்பதற்கு முன்பே, வழங்கியவர் அவரை வெளியேற்றினால், இழப்பீடு பெறும் உரிமையைத் தருகிறது. மாநகராட்சி பராமரிக்காததால்தான் கட்டடம் இந்நிலைக்கு வந்தது என்பதைக் காட்டும் பழைய புகார் மனுக்கள், ஒழுகலைக் காட்டும் நாளிட்ட படங்கள், பழுதுபார்க்கக் கேட்டு எழுதிய கடிதங்கள் ஆகியவை இங்கே பொன்னுக்கு நிகரானவை. மீதமுள்ள காலத்துக்குச் செலுத்திய தொகையையும் வைப்புத்தொகையையும் திருப்பிக் கேட்பதற்கு வழக்குகூட வேண்டியதில்லை. முறையான வழக்கறிஞர் நோட்டீஸே பெரும்பாலும் போதும். வாகன நிறுத்தக் கட்டண வசூலை ஏலத்தில் எடுத்த ஒப்பந்ததாரர் இருந்தால் அவரும், ஒப்பந்தம் செயலிழந்த பிறகு பெற்ற பயனைத் திருப்பித் தரச் சொல்லும் ஒப்பந்தச் சட்டத்தின் 65ஆம் பிரிவைக் காட்டித் தம் தொகையைக் கோரலாம்.

நோட்டீஸைப் பொறுத்தவரை, பிழைப்பைப் பறிக்கும் நடவடிக்கைக்கு முன் சம்பந்தப்பட்டவரைக் கேட்க வேண்டும் என்பது 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கு நிலைநிறுத்திய நெறி. உடனடி ஆபத்து இருக்கும்போது கடையை முதலில் மூடிவிட்டுப் பிறகு கேட்பதை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடும். ஆனால் மூடுவதற்கு இருக்கும் அவசரம், இழப்பீட்டையும் மாற்றிடத்தையும் பற்றிப் பேசாதிருப்பதற்கு நியாயமாகாது. கட்டடத்தைச் சுற்றி நடைபாதையில் வியாபாரம் செய்வோருக்கோ தனிச் சட்டமே இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி, இடம் மாற்றுவதற்கு முன் அவர்களுக்கு 30 நாள் அறிவிப்பு தர வேண்டும்.

புதிய கட்டடத்தில் இடம் என்பதுதான் கடைக்காரர்களின் மனத்தில் இருக்கும் உண்மையான கேள்வி. நடப்பிலுள்ள குத்தகையை நிலைநாட்ட முடியாதவர்களுக்குச் சட்டம் தானாக எதையும் தந்துவிடாது. பொதுச் சொத்தை வெளிப்படையான போட்டி வழியாகவே ஒதுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை வலியுறுத்தியிருப்பதால், வாய்மொழியாக ஆணையரோ, மாமன்ற உறுப்பினரோ தரும் வாக்குறுதிக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை. மாறாக, ஏற்கெனவே கடை நடத்தியோருக்கு நியாயமான வாடகையில் முன்னுரிமை என்று காரணங்களோடு மாமன்றம் தீர்மானம் நிறைவேற்றினால், அது அரசியலமைப்பின் 14ஆம் உறுப்பு சொல்லும் சமத்துவத்தின் சோதனையிலும் நிற்க வாய்ப்புண்டு. பின்னாளில் அதை மீறினால், நியாயமான எதிர்பார்ப்பு என்னும் கோட்பாட்டின்கீழ் கேள்வி கேட்கவும் இடம் உண்டு. இந்தத் தீர்மானத்துக்கான வேளை, இடிப்புக்கு முன்புதான். கட்டடம் தரைமட்டமாகி, 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்கீழ் ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டு, தனியார் பங்களிப்புடன் கட்டும் திட்டமாக அது மாறிவிட்டால், வரைபடத்திலேயே இல்லாத கடையை யாராலும் பிறகு சேர்க்க முடியாது.

ஆகையால் முதலில் செய்ய வேண்டியது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு. முழு ஆய்வறிக்கை, அதன் சோதனைத் தரவு, மாமன்றத் தீர்மானம், இடிப்புக்கான மதிப்பீடு, புதிய கட்டடத்தின் உத்தேச வரைபடம், ஒவ்வொரு கடையின் ஒப்பந்த நகல் ஆகியவற்றை அதில் கேட்க வேண்டும். வழக்கமாக 30 நாள் அவகாசம் உண்டு. உயிர் தொடர்பான தகவல் என்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று அதன் 7ஆம் பிரிவு சொல்வதால், ஆய்வறிக்கையை மட்டும் தனி மனுவாக அந்த அடிப்படையில் கேட்பது நல்லது.

கடைகளை இன்றே காலி செய்யலாம், செய்ய வேண்டும். ஆனால் சாவியை ஒப்படைக்கும்போது, கடையின் அளவு, வைப்புத்தொகை, நிலுவையின்மை, மீதமுள்ள ஒப்பந்தக் காலம், ஒப்படைத்த நாள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்காமல் பாதுகாப்பு கருதி மட்டுமே ஒப்படைப்பதாக எழுதிய கடிதத்துக்கு மாநகராட்சியின் ஒப்புகை முத்திரையைப் பெற்ற பின்னரே கையிலிருந்து சாவியை விட வேண்டும்.