கட்டியும் கிலோவும்

அன்பு மகனே,

போன ஞாயிறு லிட்டில் இந்தியாவில் தே தாரிக் ஆறிப்போகும்வரை நீ ஒன்றையேதான் கேட்டாய்: "பெரியப்பா, ஆறாம் படிவமா, மெட்ரிகுலேஷனா? எதில் நியாயம்?" அன்று மழுப்பிவிட்டேன். இன்று எழுதுகிறேன்.

ஆறாம் படிவத்தின் எஸ்.டி.பி.எம். தாளில் எனக்குக் குறையில்லை. ஜார்ஜ்டவுன் பையனுக்கும் சபா உட்புறத்துப் பெண்ணுக்கும் மலேசியத் தேர்வு மன்றம் தருவது ஒரே கேள்வித்தாள். ஒன்றரை ஆண்டு, மூன்று பருவம். பல்கலைக்கழகத்துக்கான மற்ற வழியான மெட்ரிகுலேஷன் பெரும்பாலோருக்கு ஓராண்டுதான். பாடத்திட்டம் வேறு, தேர்வும் வேறு. ஆனால் இருவர் முடிவுத் தாளிலும் உச்சம் அதே 4.00. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யு.பி.யு. விண்ணப்பத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

சௌராஸ்தா மார்க்கெட்டில் ஒருவர் பழைய கட்டிக் கணக்கிலும் பக்கத்துக் கடைக்காரர் கிலோவிலும் மீன் நிறுத்துவிட்டு, "இரண்டும் ஒன்றுதான்" என்றால் உன் பாட்டி விடுவாரா? ஒரு கட்டி ஏறத்தாழ 600 கிராம்தானே! எந்தத் தேர்வு கட்டி, எது கிலோ என்பதல்ல என் வழக்கு. ஒரே தராசில் ஏற்றாமலே சமம் என்கிறார்களே, அதுதான். மெட்ரிகுலேஷன் பிள்ளைகள்மேல் பழி போடாதே. அவர்களும் படித்துத்தான் வாங்குகிறார்கள்.

2002-இல் பல்கலைக்கழகங்களில் இன ஒதுக்கீடு போய், தகுதி முறை வந்தது. போன ஒதுக்கீடு எங்கே நிற்கிறது என்று பார்த்தால், ஒரு படி கீழே, மெட்ரிகுலேஷன் வாசலில்: மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ராவுக்கு 90 விழுக்காடு, மற்ற எல்லாருக்கும் சேர்த்து 10. 2019-இல் இடங்களை 25,000-இலிருந்து 40,000 ஆக்கியபோதும் இந்தக் கணக்கு அசையவில்லை. ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ எடுத்தால் இனம் பார்க்காமல் இடம் என்று 2024-இல் அரசு அறிவித்தது. நல்லதுதான். ஆனால் 8 ஏ எடுத்த தோட்டத்துப் பிள்ளைக்கு அது எட்டாத கிளை.

தமிழ்நாட்டில் சண்டையே வேறு. மருத்துவப் படிப்புக்கு நீட் என்ற ஒரே தேர்வால் எல்லாரையும் அளப்பதா என்று கேட்கிறார்கள். 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கொடுத்தார்கள். ஒரே அளவுகோல் இருந்தாலும் அளக்கப்படுபவன் எங்கிருந்து வருகிறான் என்று பார்க்கத்தான் வேண்டும்.

மெட்ரிகுலேஷன் கிடைத்தால் கூச்சப்படாமல் போ. இல்லையென்றால் ஆறாம் படிவம். அந்தச் சான்றிதழை வெளிநாட்டிலும் மதிக்கிறார்கள். ஒன்று மட்டும்: தகுதிப் புள்ளியில் படிப்புக்கு 90, புறப்பாட நடவடிக்கைக்கு 10. முதல் வாரமே ஏதாவது ஒரு சங்கத்தில் சேர்ந்துவிடு; கூட்டத்துக்குப் போனால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் வந்துவிடாதே.

இப்படிக்கு,
பெரியப்பா