வெப்ப நாட்டில் ஒரு பழைய பந்தய வண்டி

தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயில்வார் மோட்டார் வண்டியைக் குறித்து எழுதப் புகுந்தது என்னை என்று எம் ஆசிரியருள் சிலர் வினவுதல் கூடும். எம்மிடம் வண்டி இல்லை. வாங்குதற்குரிய பொருளும் இல்லை. ஆயினும், ஒரு சொல் திரிந்து நிற்குமாயின் அத்திரிபிற்குக் காரணம் யாது என்று தேடப் பழகிய கண், ஓர் எஞ்சின் கொதித்து நிற்பக் கண்டால் அதற்கும் காரணம் தேடாது அமையுமோ? தேடியதிற் கண்டவற்றை இங்கே எழுதுகின்றோம். பௌதிக நூல் கற்கும் நண்பர்கள் பிழை காணின் பொறுத்தருள்க.

யாம் எடுத்துக்கொண்ட வண்டி, இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் இயற்றப்பட்ட ஜாகுவார் ஈ-டைப் என்பது. 1961-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஜெனீவா நகரத்துக் கண்காட்சியில் அது முதன்முதல் உலகினர்க்குக் காட்டப்பட்டது. அதன் வடிவை வகுத்த மால்கம் சேயர் என்பவர் முன்பு ஆகாய விமானத் தொழிலில் பழகியவர். காற்றைக் கிழித்துச் செல்லும் பொருட்டு அவர் அவ்வண்டிக்கு நீண்ட மூக்கும், அதன் நுனியில் சிறிய நீள்வட்ட வாயும் அமைத்தார். எஞ்சினுக்கு வேண்டிய குளிர்காற்று முழுவதும் அவ்வாய் வழியே புகுதல் வேண்டும். அழகு கருதிச் சிறிதாக்கிய அவ்வாயே பின்னர் நேர்ந்த தொல்லையின் ஒரு பாதி எனலாம்.

மற்றொரு பாதி தேசத்தைப் பற்றியது. கவென்ட்ரியிற் கோடைப் பகலின் வெம்மை பெரும்பாலும் இருபது பாகையைச் சற்றே கடக்கும் அளவினது. இவ்வண்டிகளிற் பெரும்பகுதியோ கடல் கடந்து அமெரிக்க ஐக்கிய நாட்டிற்குச் சென்றன. அந்நாட்டின் அரிசோனா மாகாணத்துப் பீனிக்ஸ் நகரத்தில் ஜூலை மாதத்துப் பகல் வெம்மை நாற்பது பாகையைக் கடந்து நிற்பது வழக்கம். எஞ்சினைச் சுற்றி ஓடும் நீரின் சூடு 85 பாகை என்று கொள்வோம். ரேடியேட்டர் வெளியிடும் வெப்பம், நீரின் சூட்டிற்கும் காற்றின் சூட்டிற்கும் உள்ள வேற்றுமையைப் பொறுத்தது. காற்று 20 பாகையாயின் வேற்றுமை 65. 42 பாகையாயின் 43. ஆகவே அதே ரேடியேட்டர், அதே நீர், அதே காற்றோட்டம் இருந்தும், பீனிக்ஸில் அது செய்யும் வேலை கவென்ட்ரியிற் செய்ததில் மூன்றில் இரு பங்கே. வண்டி கெட்டுவிட்டது என்று கூறுதற்கு இடமில்லை; அது நிற்கும் இடம் மாறிற்று.

இதனை அறிந்த உடனே, பெரியதொரு ரேடியேட்டரை வாங்கிப் பொருத்திவிட்டால் தீர்ந்தது என்று வண்டியுடையார் பலர் முடிவு செய்கின்றனர். யாம் அங்ஙனம் கருதவில்லை. முதலில் வினவ வேண்டுவது, வண்டி எப்பொழுது கொதிக்கின்றது என்பது. நெடுஞ்சாலையில் விரைந்து ஓடும்போது கொதிக்குமாயின், குறை பெரும்பாலும் நீரோட்டத்தில் அல்லது ரேடியேட்டரில் உள்ளது. ஓடும்போது அமைதியாக இருந்து, நகரத்துத் தெருவில் வண்டிகளின் நெருக்கத்திடையே நின்ற பின்னர்க் கொதிக்குமாயின், குறை காற்றில் உள்ளது. ஈ-டைப் வண்டியைப் பற்றிய முறையீடு பெரிதும் இவ்விரண்டாம் வகையினதே. ஓடும் வண்டிக்கு ஓட்டமே காற்றைத் தரும்; நிற்கும் வண்டிக்கு விசிறியன்றி வேறு துணையில்லை.

கொதித்தால் நேர்வது யாது? சிறிது ஆவி எழும், சற்றே நின்று போகலாம் என்று எண்ணுதல் தவறு. இவ்வெஞ்சினின் உடல் வார்ப்பிரும்பு, தலையோ அலுமினியம். சூடேறும்போது அலுமினியம் இரும்பினும் ஏறத்தாழ இருமடங்கு விரிவது. அளவுகடந்த சூட்டில் தலை வளைந்துவிடும். வளைந்தால் இடையில் உள்ள காஸ்கெட் பிளந்து, நீர் சிலிண்டருட் புகும். வளைந்த தலையைச் சீவிச் சமன் செய்யலாமேனும், சீவுதற்கு ஓர் எல்லை உண்டு; அவ்வெல்லை கடந்தபின் அத்தலை உதவாது. அறுபது ஆண்டுகட்கு முன்னர் வார்த்த ஒரு பொருள் ஒரு பிற்பகலில் அழிந்துபோதல் சிறிய இழப்பன்று.

ஆதலின் புதியது சேர்த்தற்கு முன், பழையது தன் முழு வேலையைச் செய்கின்றதா என்று காணல் முறை. எஞ்சின் உடலினுள் நீர் ஓடும் வழிகளில், வார்ப்புக் காலத்து மணலும் பல்லாண்டுத் துருவும் படிந்து, பின்புறத்துச் சிலிண்டர்களைச் சுற்றிச் சேறாகக் கிடத்தல் உண்டு. அச்சேற்றை அகற்றாமல் ஆயிரம் பொன் கொடுத்து ரேடியேட்டர் வாங்கினும் பயனில்லை. நீர் அணுகாத இடத்து வெப்பத்தை எவ்வாறு எடுத்துவருவது? உடலின் பக்கத்தே உள்ள அடைப்புக்களைக் கழற்றி, கம்பியாற் கிளறி, இருபுறமும் நீர் பாய்ச்சிக் கழுவுதல் வேண்டும். கையழுக்காகும் வேலை, ஆயினும் செலவு குறைந்தது.

அடுத்து, தெர்மாஸ்டாட் என்னும் கதவு. இதனைக் குறித்து ஒரு பெரும் மயக்கம் உலவுகின்றது. வெப்ப நாட்டில் இக்கதவு எதற்கு, கழற்றி எறிந்தால் நீர் தடையின்றி ஓடுமே என்பர் சிலர். இவ்வெஞ்சினில் அது நேர்மாறான விளைவைத் தருவது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, நீர் ரேடியேட்டருக்குச் செல்லாமல் குறுக்கு வழியாகப் பம்புக்கே திரும்பும்படி ஒரு துளை அமைத்துள்ளனர். சூடேறியபின் தெர்மாஸ்டாட் திறக்கும்போது, அதனோடு இணைந்த ஒரு வளையம் அத்துளையை மூடிவிடும். கதவைக் கழற்றினால் வளையமும் போகும். துளை என்றும் திறந்தே நிற்கும். சுடுநீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைக் காணாமலே சுற்றிச் சுற்றி வரும். வளையமில்லாத வேறொரு தெர்மாஸ்டாட்டைக் கடையில் வாங்கிப் பொருத்தினும் இதே கேடு விளையும். கண்ணிற்குத் தெரியாத இச்சிறு வளையத்தை அறியாது பெரும்பொருள் செலவிட்டார் பலர் என்பதில் எமக்கு ஐயமில்லை.

இனி விசிறிக்கு வருவோம். ஈ-டைப்பில் விசிறியைச் சுழற்றுவது எஞ்சின் அன்று, மின்சாரம். 1961-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த 3.8 லிட்டர் வண்டிகளில் மின்சாரம் தருவது டைனமோ. டைனமோவோ எஞ்சின் விரைந்து சுழலும்போதுதான் நன்கு மின்சாரம் தரும். வண்டி நின்று எஞ்சின் மெல்லச் சுழலும்போது மிகக் குறைவாகவே தரும். எனவே, விசிறி மிகுதியாக வேண்டப்படும் அந்நேரத்திலேயே அதற்கு உணவு குறைகின்றது! பாட்டரி சோர, விசிறி சோர, முள் ஏறுகின்றது. 1964-ஆம் ஆண்டில் வந்த 4.2 லிட்டர் வண்டிகளில் டைனமோவை நீக்கி ஆல்டர்னேட்டர் வைத்தனர். அது மெல்லச் சுழலும்போதும் போதிய மின்சாரம் தர வல்லது. பழைய வண்டியில் வலிய விசிறி பொருத்த விரும்புவோர், அதற்கு முன்னரே ஆல்டர்னேட்டர் பொருத்துதல் இன்றியமையாதது. இவ்வரிசையை மாற்றினால், குளிர்ந்த எஞ்சினோடும் இறந்த பாட்டரியோடும் தெருவில் நிற்க நேரும்.

விசிறியின் மின்சாரத்தைப் பழைய மெல்லிய கம்பிகளின் வழியே செலுத்தாது, ரிலே ஒன்றன் வழியாகத் தடித்த கம்பியிற் செலுத்துக. அது காற்றை எஞ்சின் பக்கமாக ஈர்க்கின்றதா என்று ஒரு தாளைப் பிடித்துப் பார்த்துக்கொள்க. கம்பி இரண்டும் இடம் மாறினால் எதிர்புறம் வீசும் விசிறிகள் உண்டு. ரேடியேட்டரின் முகம் முழுவதையும் தழுவும் தகட்டு உறை ஒன்று விசிறியைச் சுற்றி வேண்டும். இன்றேல் இறகுகளுக்கு நேரே உள்ள பகுதி மட்டும் குளிரும். மூக்கிற்கும் ரேடியேட்டருக்கும் இடையே உள்ள ரப்பர்ப் பட்டைகள் உலர்ந்து உதிர்ந்திருப்பின் புதியன இடுக. காற்று எளிய வழி கண்டால் அதன் வழியே ஒழுகிவிடும்; ரேடியேட்டரின் நெருங்கிய இதழ்களிடையே புகுதலை அது தானாக விரும்பாது.

இவை யாவும் செய்த பின்னரும் குறை இருப்பின் அலுமினிய ரேடியேட்டரைப் பற்றி எண்ணலாம். வெப்பத்தைக் கடத்துவதில் செம்பே அலுமினியத்தினும் சிறந்தது. எனினும் அலுமினியக் குழாய்களை அகலமாக இயற்ற இயலுமாதலின், நீர் தொடும் பரப்பு மிகுகின்றது.

நீரைப் பற்றியும் ஒரு சொல். தனி நீரே வெப்பத்தை மிகுதியாகச் சுமப்பது. ஆனால் அலுமினியத் தலையை அரித்துவிடும். ஆதலின் துருத்தடுக்கும் மருந்து சேர்ந்த கிளைக்கால் கலந்து இடுவர். ரேடியேட்டர் மூடி சதுர அங்குலத்திற்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்குமாயின், தனி நீரும் ஏறத்தாழ 111 பாகை வரை கொதியாது. ஆதலாலன்றோ சூடான மூடியைத் திறத்தல் கொடிதாயிற்று! திறந்த கணமே அழுத்தம் நீங்க, உள்ளிருந்த நீர் ஆவியாகப் பொங்கி முகத்திற் பாயும். தமிழில் ஆறுதல் என்னும் சொல் சூடு தணிதலையும் மனம் அமைதலையும் ஒருங்கே குறிப்பது. எஞ்சின் ஆறும்வரை உடையவரும் ஆறியிருத்தல் நன்று.

1968-ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாம் வரிசை ஈ-டைப்பில், அதனை இயற்றியவர்களே வாயைப் பெரிதாக்கி, விசிறியையும் இரண்டாக்கினர். யாம் கூறியது அவர்கட்கும் உடன்பாடே என்று இதனாற் கொள்ளலாம். அதுகண்டு முதல் வரிசை வண்டியின் வாயை அறுத்துப் பெரிதாக்கலாமோ எனின், கூடாது என்போம். சேயர் வரைந்த அக்கோட்டை ஒருமுறை அறுத்தால் மீட்டல் அரிது. விசிறி, கம்பி, ஆல்டர்னேட்டர் ஆகியன மூக்கினுள் மறைந்து கிடப்பன. வேண்டுமாயின் ஒரு நாளிற் கழற்றி விடலாம். கழற்றிய பழைய விசிறியையும் டைனமோவையும் எண்ணெய் தடவித் துணியிற் சுற்றி, ஒரு பெட்டியில் வைத்து, அவை எவ்வண்டிக்கு உரியன என்று மேலே எழுதி வைக்க.