பரபரப்பு: சொல்லும் பொருளும்

அன்றாடம் நம் காதில் விழும் சொற்களில் ஒன்று ‘பரபரப்பு’. பரபரப்பான செய்தி, பரபரப்பான வழக்கு, ஊரெங்கும் பரபரப்பு என்றெல்லாம் சொல்கிறோம். இச்சொல்லின் பொருள் யாது? அதை எவ்விடத்தில் சொல்வது முறை? இம்மாதப் பாடமாக இதனைச் சிறிது ஆராய்வோம்.

‘பரபர’ என்பது இரட்டைக்கிளவி. சலசல, படபட என்பன போல இரட்டித்தே வரும். பிரித்தால் அப்பொருள் தராது. அவசரம், பதற்றம், நிலைகொள்ளாமை என்பனவே அதன் கருத்து. “ஏன் இப்படிப் பரபரக்கிறாய்? நிதானமாகச் செய்” என்று வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளைக் கடிந்து கொள்வார்கள். ஆகவே, பரபரப்பு இருப்பது மனிதனிடத்தில். நாம்தாம் அதை நிகழ்ச்சியின் மேல் ஏற்றிச் சொல்கிறோம். ‘அதிர்ச்சிச் செய்தி’ என்பதும் இவ்வாறே. அதிர்வது கேட்பவர் உள்ளம்.

இந்த வேற்றுமை சிறிதன்று. ‘பரபரப்பான செய்தி’ என்றால், கேட்டவர் பதறினார் என்பது மட்டுமே தெரிகிறது. செய்தி மெய்யா பொய்யா என்பதை அச்சொல் கூறவில்லை.

ஓர் உதாரணம் காண்போம். 2016 ஜனவரியில், திருச்செந்தூருக்கும் மணப்பாட்டுக்கும் இடைப்பட்ட கடற்கரையில் 80-க்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் கரையொதுங்கின. மீனவர்கள் உயிரோடிருந்தவற்றைக் கடலுக்குள் இழுத்துச் சென்று விட்டார்கள். சில மீண்டும் கரைக்கே திரும்பின. 40-க்கும் மேற்பட்டவை மாண்டன. ஊரார் பதறியது இயல்பே. இத்தகைய காட்சியைக் கண்டால், “இதுவரை நடவாதது, ஏதோ பேராபத்து வரப்போகிறது” என்று சொல்ல நம் நாக்கும் பரபரக்கும். ஆனால், 1973 ஜனவரியிலேயே தூத்துக்குடிக் கடற்கரையில் இதே இனத்தைச் சேர்ந்த 147 திமிங்கிலங்கள் ஒதுங்கியதாகப் பதிவு உள்ளது. இவை கூட்டமாக வாழ்பவை. ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை. ஆகவே சில கரையில் சிக்கினால் மற்றவையும் சிக்கிக் கொள்ளும் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். விசாரித்தால் விளக்கம் கிடைக்கிறது. பரபரத்தால் பீதியே மிஞ்சுகிறது.

திருமறை இதற்கு வழி காட்டுகிறது. அச்சத்தையோ அமைதியையோ பற்றிய செய்தி வந்ததும் உடனே பரப்பிவிடுவோரை ஸூரத்துன்னிஸாவின் 83-ம் வசனம் கண்டிக்கிறது. அறிந்து ஆராயக் கூடியோரிடம் அதனைக் கொண்டு செல்லும்படி உணர்த்துகிறது. தீயவன் கொண்டு வரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6-ம் வசனம் பணிக்கிறது. அறியாமல் பிறருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரும் என்பதே அது கூறும் காரணம். கேள்விப்பட்டதையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒருவரைப் பொய்யராக்கப் போதுமானது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

திமிங்கிலச் செய்தி தவறானால், நாலு நாளில் மறந்துவிடும். ஒரு குமரியைப் பற்றிய செய்தி தவறானால்? அவளுடைய நிக்காஹ் தடைபடும். பெற்றோர் வெளியே தலைகாட்ட முடியாது. அனுப்பியவரோ கைப்பேசியில் ஒருமுறை விரல் வைத்ததோடு சரி!

ஆகவே, ‘பரபரப்பு’ என்ற சொல் காதில் விழும்போது, பதறுவது நம் உள்ளம்தான் என்பதை நினைவிற்கொள்வோம். இதைச் சொன்னவர் யார், அவர் கண்ணால் கண்டாரா, நாம் சொல்வதால் யாருக்கு என்ன பயன் என்று நம்மையே கேட்டுக் கொள்வோம். விடை கிடைக்கும்வரை நாவையும் விரலையும் அடக்குவோம். அல்லாஹ் நமக்கு அந்த நிதானத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.