கம்பெனி கைவிரித்தால்?

கேள்வி: நம்பி வாங்கிய கார், வாரண்டிகூட முடியவில்லை, கியர்பாக்ஸில் சத்தம். "பார்ட்ஸ் வரலை சார்" என்றே சர்வீஸ் சென்டரில் இழுத்தடிக்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், மணவூர்

பதில்: மறைமலை நகரில் கார் தயாரிப்பையே 2022-ல் நிறுத்திய ஃபோர்டுகூட, சர்வீஸும் வாரண்டியும் தொடரும் என்றுதான் அறிவித்தது. கடையைக் கட்டியவரே அப்படிச் சொல்ல, இன்னும் ஷோரூம் நடத்துபவர் கைவிரிப்பது அடாவடி.

வாய்ப்பேச்சு உதவாது. வண்டியை விடும்போதெல்லாம் ஜாப் கார்டில் 'கியர்பாக்ஸ் சத்தம்' என்றே எழுதவைத்து நகல் வாங்குங்கள். 'ஜெனரல் செக்கப்' என்று எழுதி நீட்டுவார்கள்; கையெழுத்துப் போடாதீர்கள். அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார். அதற்கும் அசையாவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் திருவள்ளூர் மாவட்ட ஆணையத்திலேயே கம்பெனி, டீலர் இருவர் மீதும் வழக்குப் போடலாம். கெடு இரண்டு வருடம், தள்ளிப்போடாதீர்கள்.