பெயரளவும் பொறுதியும்: ஓசூர்த் தொழிற்களத்திற்கான கலைச்சொல் ஆய்வு

முன்னுரை

கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூரில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மோட்டார், டைட்டன் ஆகிய ஆலைகளும் உதிரிப்பாகம் கடையும் சிறு பட்டறைகளும் உள்ளன. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வழங்கும் இவ்வூரில் 'சைஸ்', 'டாலரன்ஸ்' முதலிய ஆங்கிலச் சொற்கள் பொதுச்சொற்களாக உதவுகின்றன. அவற்றுக்குத் தமிழில் இணைச்சொல் காணும்போது கருத்து மயங்கலாகாது என்பதை ஓர் எடுத்துக்காட்டின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

அளவும் எல்லையும்

25 மில்லிமீட்டர் துளையும் அதனுள் தடையின்றி இயங்கும் தண்டும் செய்யப்படுவதாகக் கொள்வோம். துளைக்கு எச்7, தண்டுக்கு ஜி6 எனக் குறித்தால், ஐ.எஸ்.ஓ. 286 தரத்தின்படி துளை 25.000 முதல் 25.021 வரையும், தண்டு 24.980 முதல் 24.993 வரையும் அமையலாம். இவற்றிடையே குறைந்தது 0.007, மிகுந்தால் 0.041 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும்.

தண்டின் மேல் விலக்கம் −0.007, கீழ் விலக்கம் −0.020. எல்லைகளின் வேறுபாடாகிய 0.013 பொறுதி. விலக்கத்திற்குக் கூட்டல், கழித்தல் குறி உண்டு, பொறுதிக்கு இல்லை. ஆதலின் இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்தல் பொருந்தாது.

'சரியான அளவு' எது?

25 என்னும் எண்ணைச் 'சரியான அளவு' என்று பெயர்த்தால் பிழை நேரும். 25.000 எனக் கடைந்த தண்டு எல்லைக்கு வெளியே நிற்பதால் தள்ளப்படும். 'பெயரளவு' என்பதே தக்க சொல். 'பெயருக்கு மட்டும்' என்று பொருள்படும் 'பெயரளவில்' என்னும் வழக்கும் இக்கருத்துக்குத் துணைநிற்கிறது.

கணினி மாதிரியில் பொறுதி

தாள் வரைபடத்தில் அளவும் எல்லையும் அருகருகே நின்றன; கடைசல் தொழிலாளர் இரண்டையும் கண்டு வேலைசெய்தார். முப்பரிமாண மாதிரியோ பெரும்பாலும் பெயரளவிலேயே வரையப்படுகிறது. பொறுதி அதன் பரப்புகளோடு பிணைந்த குறிப்பாக அமைகிறது. இம்முறைக்கு அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 2003இல் ஒய்14.41 என்னும் தரத்தை வெளியிட்டது. குறிப்பை விடுத்து வடிவத்தை மட்டும் கொண்டு வெட்டுப்பாதை கணித்தால், எந்திரம் 25.000ஐ நோக்கியே கடையும். எல்லைகளின் நடுவாகிய 24.9865ஐ இலக்காக வைத்தால் இருபுறமும் இடம் கிடைக்கும். இதனை 'இலக்களவு' எனலாம்.

முடிவுரை

'பொறுமை' மனப்பண்பையும் 'தாங்குதிறன்' சுமையையும் நினைவூட்டுவதால் 'பொறுதி' ஏற்புடையது. பெயரளவு, விலக்கம், பொறுதி, இலக்களவு என நான்கையும் வேறுபடுத்துக. பாடநூலில் முதன்முறை 'டாலரன்ஸ் எனப்படும் பொறுதி' எனப் பட்டறைச் சொல்லோடு சேர்த்தெழுதினால், மாணவர் தொழிற்களத்தில் தடுமாறார்.