ஒரு கைப்பிடி என்றால் யாருடைய கை?



பக்கத்துத் தோட்டத்துப் பெண் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள். பலர் கூடி எழுதி, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கிற மாதிரி தமிழில் ஒரு பாடநூல் தயாராகிறதாம். அதில் மடிநோய்ப் பகுதியை எழுத இவள் ஒப்புக்கொண்டிருக்கிறாள். லீவுக்கு வந்தவள் நோட்டும் பேனாவுமாக நம்ம கட்டுத்தரைக்கே வந்துவிட்டாள்.

"பெரியப்பா, மடிவீக்கத்துக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? சொல்லுங்க, எழுதிக்கறேன்."

நானும் பெருமையாக ஆரம்பித்தேன். "சோத்துக்கத்தாழை ஒரு மடல், மஞ்சத்தூள் ஒரு கைப்பிடி, சுண்ணாம்பு கொஞ்சம். அரைச்சு மடியில பூசணும் கண்ணு."

"கைப்பிடின்னா யாரோட கைங்க? உங்க கையா, பெரியம்மா கையா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை? எத்தனை நாளைக்கு?"

என்னிடம் பதில் இல்லை. தொகை எழுதாத வவுச்சரை ஒரு நாளும் பாஸ் பண்ணாத ஆள் நான். பேங்கில் இருந்தவரை அது என் கொள்கை. ஆனால் மாட்டு வைத்தியத்தில் 'கொஞ்சம்', 'ஒரு கைப்பிடி' என்றே ஓட்டியிருக்கிறேன். அதற்கு விலையும் கொடுத்தேன். இரண்டு வருசத்துக்கு முன்னால் செவலை மாட்டுக்கு மடி வீங்கியது. காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை என்று இரண்டு நாள் பூசினேன். வீக்கம் வாடின மாதிரி இருந்தது, விட்டுவிட்டேன். ஒரு காம்பு அடைத்தே போனது. இன்றைக்கும் மூன்று காம்பில்தான் கறக்கிறாள். நாட்டு மருந்து பலிக்கவில்லை என்று நாலு பேரிடம் சொல்லியும் வைத்தேன். தப்பு மருந்தில் இல்லை, என் கணக்கில்.

மருந்தும் அளவும்

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி இந்த வைத்தியத்தை அளவோடு வகுத்துத் தந்திருக்கிறார். தேசிய பால்வள வாரியமும் இதைப் பரப்பி வருகிறது. மேற்பூச்சுக்கான அளவு இது:

சோற்றுக்கற்றாழை - 250 கிராம்
மஞ்சள் தூள் - 50 கிராம்
சுண்ணாம்பு - 15 கிராம்

1. மூன்றையும் சேர்த்து அரைத்தால் செக்கச்செவேலென்று விழுது வரும்.
2. பாலை ஒட்டக் கறந்து, மடியைக் கழுவித் துடைக்க வேண்டும்.
3. விழுதில் ஒரு பங்கு எடுத்து, 150 முதல் 200 மில்லி தண்ணீர் விட்டுக் கரைத்து, மடி முழுக்கப் பூச வேண்டும். வீங்கின பக்கம் மட்டும் பூசினால் போதாது.
4. ஒரு நாளைக்கு 10 தடவை. 5 நாள் விடாமல்.
5. அன்றன்றைக்குப் புதிதாக அரைக்க வேண்டும்.

10 தடவை எங்கே, என் 2 தடவை எங்கே! சுண்ணாம்பைக் கண்ணளவில் போடுவதும் ஆபத்து. கூடிப்போனால் காம்புத் தோல் புண்ணாகும். பிறகு மாடு கையை வைக்கவே விடாது.

திருத்தம் இரண்டு பக்கமும்

அவள் எழுதியதை வீட்டம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். முதல் வரியிலேயே 'பால்சுரப்பி அழற்சி' என்றிருந்தது. "அப்படின்னா என்ன சாமி?" என்றாள் இவள். அந்த வரியை அடித்து, 'மடிநோய், மடிவீக்கம்' என்று எழுதினாள் அந்தப் பெண்.

"கறந்த உடனே மாட்டைப் படுக்க விடக்கூடாதுன்னு எழுதினியா? கறந்ததும் ரெண்டு கை தட்டு அள்ளிப் போட்டா நின்னுக்கிட்டே திங்கும்" என்றாள் வீட்டம்மா. வழிவழியாக வந்த பழக்கம். காரணம் எங்களுக்குத் தெரியாது. அவள் சொன்னாள்: கறந்து முடித்த பிறகு காம்புத் துளை மூடிக்கொள்ள அரை மணி நேரம் போல ஆகும். அதற்குள் சாணியிலும் மூத்திரத்திலும் படுத்தால் கிருமி நேராக உள்ளே போகும். காரணத்தோடு சேர்த்து அதையும் எழுதிக்கொண்டாள்.

இன்னும் இரண்டு குறிப்பு அவளுடையது. கறக்கும்போது முதல் பீச்சுப் பாலை ஒரு கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரி திரியாகத் தெரிந்தால் நோய் தொடங்கிவிட்டது. நோய் வந்த மாட்டைக் கடைசியில் கறந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இல்லாவிட்டால் கையே நோயைச் சுமந்து போகும்.

எப்போது டாக்டர்?

இதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். காய்ச்சல், தீனி எடுக்காமை, பாலில் இரத்தம், மடி சில்லிட்டு நிறம் மாறுவது, இதில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதியிருந்தாள். 1962 என்ற எண்ணையும் போட்டிருந்தாள்.

"நம்ம வைத்தியத்தையே குறைச்சு எழுதறியே கண்ணு" என்றேன்.

"குறைக்கலீங்க பெரியப்பா. எது வரைக்கும்னு எல்லை போடறேன். இதை நம்பி ஒருத்தரு காத்திருந்து மாட்டை இழந்துட்டா, அப்புறம் அவரு கத்தாழையைத் தொடுவாரா?"

யோசித்துப் பார்த்தால், இரண்டு வருசமாக நாட்டு மருந்துக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்தவன் நான்தான். அவள் அதைக் காப்பாற்றத்தான் பார்க்கிறாள். டாக்டர் ஊசி போட்டால், அவர் சொல்லும் நாள் வரை அந்தப் பாலை ஊற்றக் கூடாது என்பதும் அவள் எழுதின வரிதான். விற்கவும் கூடாது, குடிக்கவும் கூடாது.

நாம் செய்ய வேண்டியது

நம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு வைத்தியம் இருக்கிறது. அது பாட்டியோடு போய்விடாமல் இருக்க வேண்டுமானால், அளவு, தடவை, நாள், எந்த மாடு, குணமானதா இல்லையா என்று ஐந்தையும் எழுதி வையுங்கள். குணமாகாததையும் மறைக்காமல் எழுதுங்கள். உங்கள் பக்கத்தில் படிக்கிற பிள்ளை இருந்தால் வாசித்துத் திருத்தச் சொல்லுங்கள். அவர்கள் எழுதியதை நீங்களும் திருத்துங்கள்.

மூன்று காம்பு ஆன கதையையும் அந்தப் பாடத்தில் சேர்க்கச் சொல்லிவிட்டேன். பேர் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.